இறங்கிய தொட்டி ஏறி வரவேண்டும்



வெள்ளி விழா மேடையில் கணிப்பொறி பற்றிப் பேசப் பணிக்கப்பட்டுள்ளோம். ஜாவா மொழியில் பெரிய நிறுவனங்களுக்குச் செயலி எழுதுவோர், தரவுத்தள இணைப்புகளையும் பரிவர்த்தனைகளையும் கையாளும் முறையே நம் பொருள். இது நமக்கு எதற்கு என்று கேட்பீராயின், நம் தெருப் பெண் ஒருத்திக்கு நேர்ந்ததைச் சொல்லுவோம். தேர்வுக் கட்டணம் செலுத்த, இறுதி நாள் மாலை, போடியில் ஒரு கணினி மையத்தில் அமர்ந்தாள். தாயார் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துச் சேர்த்த கூலி அது. வங்கிக் கணக்கில் பணம் கழிந்தது; விண்ணப்பமோ பதிவாகவில்லை. சில நாளில் பணம் திரும்பியது. தேர்வை அடுத்த ஆண்டுதான் எழுதினாள். காரணத்தை எவரும் விளக்கவில்லை.

தொடர்புடைய செயல்கள் யாவும் நிறைவேற வேண்டும். அன்றேல் ஒன்றும் நிறைவேறலாகாது. இதுவே பரிவர்த்தனை. ஜிம் கிரே என்னும் அமெரிக்க அறிஞர் 1981இல் இக்கருத்தைத் தனிக் கட்டுரையாக ஆராய்ந்தார். 1998இல் டூரிங் விருது பெற்றார். ஜாவாவில் இதற்குரிய கருவி ஜேடிபிசி. அதில் புதியவர் தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. இணைப்பைப் பெற்றவுடன், ஒவ்வொரு கட்டளையும் தானே உறுதியாகிவிடும் நிலையில் அது இருக்கும். இரண்டாவது கட்டளை தவறினால் முதலாவதைத் திரும்பப் பெற இயலாது. ஆகவே அத்தானியங்கு நிலையை நிறுத்திவிட்டு, யாவும் முடிந்தபின் கமிட் செய்தல் வேண்டும். பிழை நேரின் ரோல்பேக். ஸ்பிரிங் பயன்படுத்துவோர் மேலும் விழிப்பாயிருக்க வேண்டும்: ‘செக்டு’ வகைப் பிழை எழுந்தால், நாம் குறிப்பிட்டுச் சொல்லாதவரை அது ரோல்பேக் செய்வதில்லை.

இனி இணைப்புக்கு வருவோம். நம் குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷன் உண்டல்லவா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை இரயிலில் அங்கு வந்து, கம்பிவடத்தில் தொங்கி அடிவாரம் இறங்கி, வண்டியேறிப் போடி சேர்ந்தது. 1924 வெள்ளம் அந்த இரயிலை அழித்தது. அம்மூட்டைகளைச் சுமந்தவர் பெயரை நாம் எந்நூலிலும் படித்ததில்லை. அது வேறு பேச்சு. மூட்டைக்கொரு கம்பிவடம் கட்டுவார் உண்டா? புதிய தரவுத்தள இணைப்பைத் திறப்பதும் அத்தகைய செலவே. எனவே சிலவற்றைத் திறந்துவைத்து மாறிமாறிப் பயன்படுத்துவர். கனெக்‌ஷன் பூல் என்பது இதுவே. ஹிகாரிசிபி என்னும் நூலகத்தில், நாம் மாற்றாவிடில், 10 இணைப்புகள்தாம்.

இறங்கிய தொட்டி ஏறி வராவிட்டால் மேலே மூட்டை தேங்கும். பிழை நேர்ந்த வழியில் இணைப்பை மூட மறந்தால், ஒவ்வொன்றாய்ப் பத்தும் தொலையும். பதினோராவது கோரிக்கை 30 வினாடி காத்திருந்து பிழையோடு திரும்பும். கூட்டமில்லா நாளில் இக்குறை தெரியாது. இறுதி நாள் மாலையில்தான் தெரியும். 2011இல் வந்த ஜாவா 7இன் ட்ரை-வித்-ரிசோர்சஸ் அமைப்பு, பிழை நேரினும் இணைப்பைத் தானே மூடிவிடும். எண்ணிக்கையைக் கூட்டினால் தீராதோ என்பர் சிலர். போஸ்ட்கிரெஸ் இயல்பில் ஏற்பதே 100 இணைப்புகள்; செயலியை ஓட்டும் சர்வர்கள் பல இருந்தால், அதைப் பங்கிட்டுக் கொள்ள வேண்டும்.

வங்கியும் தேர்வு அலுவலகமும் வெவ்வேறு தரவுத்தளங்கள். ஒரு கமிட் இரண்டையும் கட்டாது. வங்கியின் மறுமொழி வரும்வரை இணைப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருத்தலும் தவறு. முதலில் ‘கட்டணம் எதிர்நோக்கப்படுகிறது’ என ஒரு வரி எழுதிக் கமிட் செய்க. பிறகு வங்கியை அழைக்க. மறுமொழி வந்ததும் இரண்டாம் பரிவர்த்தனையில் அவ்வரியைத் திருத்துக. வராதவற்றை அன்றிரவே வங்கிப் பட்டியலோடு ஒப்பிடுக. அந்த ஒரு வரி இருந்திருந்தால், நம் பெண் இறுதி நாளுக்குள் பணம் கட்டியதற்குச் சான்று இருந்திருக்கும்.

ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால், 5 நாளுக்குள் திருப்பவேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் கேளாமலே தரவேண்டும் என ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஆணையிட்டது. தவறிய தேர்வுக்கு அத்தகைய கணக்கு இல்லை.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்கக் கட்டடத்துக் கணினியில், பூலின் அளவை 2 என வைத்து, மூடாத இணைப்பு என்ன செய்யும் என்பதைக் காட்டுவோம். இளைஞர்கள் குறிப்பேட்டோடு வருக.