அடுக்களையில் உள்ள துலக்கும் பொருள்கள்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஊரை விட்டு இத்தில்லி மாநகருக்கு வந்த நாம், குத்துவிளக்கோடும் செப்புக் குடத்தோடும் அவற்றைத் துலக்கும் முறையையும் கொண்டுவந்தோம். அம்முறையின் பயனையும் எல்லையையும் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

செம்பிலும் பித்தளையிலும் படியும் களிம்பைப் புளி போக்குகின்றது. புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலமே அதனைக் கரைப்பது. சிறிது உப்பும் கூட்டித் தேய்த்தால் வேலை விரைவில் முடியும். பின்னர் நன்கு கழுவி, ஈரம் போகத் துடைத்தல் வேண்டும்.

பூந்திக்கொட்டையை இவ்வூர்க் கடைகளில் 'ரீட்டா' என்று கேட்டால் தருவர். அதன் தோலில் சப்போனின் என்னும் நுரைப்பொருள் உண்டு. விதை நீக்கிய 10 கொட்டைகளை 1 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் 15 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டுக. குளிர்காலக் கம்பளிகளையும் பட்டையும் அலச அந்நீர் ஏற்றது. சில நாள்களில் கெட்டுவிடுமாதலால், வேண்டிய அளவே செய்க. கண்ணில் பட்டால் எரியும்.

நிலத்தடி நீர் வரும் வீடுகளில் குழாய்வாயில் வெண்மையாகப் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியை அரைமணி நேரம் சுற்றிவைத்தால் அது இளகும். ஆனால் பளிங்குத் தரையும் அதே பொருளால் ஆயதே. கறையைக் கரைக்கும் சாறு தரையையும் அரித்துவிடும். ஆங்கு அதனைப் பயன்படுத்தலாகாது.

ஆப்பச்சோடா எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும். அதனோடு எலுமிச்சைச் சாற்றைக் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். நுரை பொங்குவது கண்டு மயங்கற்க.

வீட்டில் யாருக்கேனும் வாந்திபேதி கண்டால், புளியையும் சோடாவையும் நம்பி இருத்தல் தகாது. நோய்க்கிருமிகளை அழிக்க ஆங்குப் பிளீச்சிங் கரைசலே வேண்டும். ஆனால் அதனோடு எலுமிச்சை, வினிகர், கழிப்பறை அமிலம் ஆகிய எதனையும் சேர்த்தலாகாது. சேர்ப்பின் குளோரின் வாயு எழும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்து ஈப்பர் போர்க்களத்தில் படைவீரர்களைக் கொன்ற வாயு அதுவே. நம் குடியிருப்புக் குளியலறைகளோ சிறியவை. மூக்கில் நெடி ஏறினால், எதையும் எடுக்க நில்லாது உடனே வெளியேறிக் காற்றோட்டமான இடத்திற்குச் செல்க.

இறுதியாக ஒன்று. வடித்த பூந்திக்கொட்டை நீர் பார்வைக்குத் தேநீர் போலிருக்கும். குடிநீர்ப் புட்டியில் ஊற்றிவைத்தால் குழந்தை அறியாது பருகிவிடும். ஆதலின் துலக்கும் பொருள் அனைத்திற்கும் தனிப் புட்டி வைத்து, பெயரெழுதி, குழந்தைகளின் கைக்கெட்டாத உயரத்தில் வைப்போமாக. இன்று வீடு திரும்பியதும் முதற்கண் இவ்வொன்றைச் செய்யுமாறு தாய்மார்களையும், அவர்களுக்குத் துணை நிற்குமாறு ஆடவரையும் வேண்டி அமர்கின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!