உடல் நிறை குறைய உணவைக் கணக்கிட வேண்டுமா?

(சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



உடல் நிறையைக் குறைப்பது பற்றிப் பேசப் போகிறோம் என்று நாம் சொன்னபொழுது, எமது சங்கத்துப் பெரியவர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "தோட்டத்திலே பிறந்தவனுக்கு மெலிவதற்குமா பாடம் வேண்டும்? பட்டினியே எங்களை மெலிய வைத்ததே!" என்றார். அந்தச் சிரிப்பிலே உண்மை இருக்கிறது. ஆகவே அவருக்கு விடை சொல்வதிலிருந்தே எமது பேச்சைத் தொடங்குகிறோம்.

1973, 1974 ஆகிய ஆண்டுகளில் இந்நாட்டிலே உணவுத் தட்டுப்பாடு வந்தபொழுது, அதன் கொடுமையை மிகுதியாக அனுபவித்தவர்கள் தோட்ட மக்களே. அரிசியும் மாவும் கிடையாமல் இறந்தோர் பலர். அந்நாளைக் கண்ட பாட்டிமார் இன்றும் எம்மிடையே இருக்கிறார்கள். பேரப்பிள்ளையின் கன்னம் சற்று உப்பினால் அவர்கள் மகிழ்வது இயல்பே. 'சதை போட்டிருக்கிறான்' என்பது எமது லயங்களிலே வாழ்த்துச் சொல். அவ்வாழ்த்தை இழிவாகப் பேச நாம் இங்கு வரவில்லை. பசித்தவனுக்குச் சோறே முதல் மருந்து. அதில் இரண்டாம் கருத்தில்லை.

ஆயினும் காலம் மாறியிருக்கிறது. பெரட்டுக்கு நின்று, கூடையைத் தலையிலே மாட்டி, மலையேறிக் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளிற் பலர் இன்று பசறையிலும் பண்டாரவளையிலும் பதுளை நகரிலும் கடையிலும் காரியாலயத்திலும் அமர்ந்து வேலை செய்கின்றனர். பள்ளிக்கு நடந்த வழியிலே இப்பொழுது ஓட்டோ ஓடுகிறது. உழைப்பு மாறிவிட்டது, உணவோ மாறவில்லை. காலையிலே கோதுமை மா ரொட்டி, பகலிலே குவித்த சோறு, இரவிலே மீண்டும் ரொட்டி, இடையிடையே சீனி மிகுந்த தேத்தண்ணி. மலையிலே நாள் முழுவதும் உழைத்தவளுக்குப் போதாதிருந்த அந்த உணவு, நாற்காலியில் அமர்ந்திருக்கும் அவள் மகனுக்கு மிகுதியாகிறது. போதாக்குறைக்குக் கொத்து ரொட்டியும் பணிசும் ரோல்சும் குளிர்பானமும் சேர்ந்துகொண்டன. இலங்கை முழுவதும் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடத்திய ஆய்வொன்றிலே, 20 வயதைக் கடந்தவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 10 பேர் நீரிழிவு உடையோராகக் காணப்பட்டனர். நகரங்களிலே அத்தொகை 16 ஆக இருந்தது.

இன்னொரு செய்தியையும் பெரியோர்கள் கேட்டருள வேண்டும். முன்னாளைப் பசியும் இந்நாளைய நோயும் ஒன்றுக்கொன்று பகையல்ல; உறவு. இங்கிலாந்திலே சவுத்தாம்டன் நகரத்துப் பேராசிரியர் டேவிட் பார்க்கர், 1980களின் இறுதி தொடங்கி, பிறக்கும்போதும் குழந்தைப் பருவத்திலும் நிறை குறைந்திருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோயும் நீரிழிவும் கூடுதலாக வருவதை எடுத்துக் காட்டினார். வயிற்றுக்குப் போதாமல் வளர்ந்த கருவின் உடல், கிடைத்ததைச் சேர்த்து வைக்கப் பழகிக்கொள்கிறது. பின்னர் மாவும் சீனியும் தாராளமாகக் கிடைக்கும்பொழுது அதைக் கொழுப்பாக வயிற்றிலே சேர்க்கிறது. தாய்மார் நிறை குறைந்த பிள்ளைகளைப் பெற்ற தோட்டப்பகுதியிலே இதனை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது.

மெலிந்தவர் என்று கண்ணுக்குத் தெரிவோரும் இதற்கு விலக்கல்லர். 2004ஆம் ஆண்டிலே, புனா நகரத்து வைத்தியர் யாஜ்னிக் அவர்களும் ஆங்கிலேய வைத்தியர் யுட்கின் அவர்களும் தம்மையே அளந்து பார்த்து 'லான்செட்' என்னும் வைத்திய இதழில் வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற நிறைச் சுட்டெண் இருவருக்கும் 22.3 தான். ஆனால் யுட்கின் உடலிலே கொழுப்பு 100க்கு 9 பங்கு; யாஜ்னிக் உடலிலே 21 பங்கு. ஆகவே எம்மவருக்குத் தராசு முழு உண்மையைச் சொல்வதில்லை. இடுப்புச் சுற்றளவே நல்ல சாட்சி. தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லையென்று வைத்திய அறிஞர் வகுத்துள்ளனர். அரைஞாண் கயிறு இறுகும்போதே எமது முன்னோர் அறிந்த உண்மை இது.

இனி, கணக்கு விடயத்துக்கு வருவோம். உணவு தரும் வெப்பச் சக்தியை அளக்கும் அலகே கலோரி. உண்பது செலவழிவதிலும் கூடினால் உடல் பெருக்கும்; குறைந்தால் மெலியும். இவ்விதியை நாம் மறுக்கவில்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் எண் போட்டுக் கூட்டிப் பார்ப்பதுதான் வழியா என்பதே கேள்வி.

எம்மிடையே ஒருவர் அவ்வழியிலே சென்றார். கைத்தொலைபேசியிலே கணக்குப் பதியும் செயலியை வைத்துக்கொண்டு, உண்டது ஒவ்வொன்றையும் எழுதினார். அம்மா தட்டிய ரொட்டி எத்தனை கலோரி? அச்செயலிக்குத் தெரியாது. அம்மாவின் கையளவுக்கும் அன்று வீட்டில் இருந்த மாவுக்கும் தக்கபடி ரொட்டி பெருக்கும், சிறுக்கும். தேங்காய்ப்பூ சில நாள் கூடும், சில நாள் இல்லாமலே போகும். ஒரே சட்டியிலிருந்து ஆறு பேர் எடுத்த கறியிலே அவர் பங்கு எவ்வளவு? அதுவும் தெரியாது. எண்ணைக் காப்பாற்றுவதற்காகப் பகலிலே பட்டினி கிடந்தார். இரவிலே பசி தாங்காமல் கடைக்கு ஓடினார். இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தது. அடுத்த நான்கு மாதத்தில் ஆறு கிலோ ஏறியது. தன்னிடம் மனவுறுதி இல்லையென்று தம்மையே நொந்துகொண்டார். பிழை அவரிடத்தில் இல்லை. பிடித்த வழியிலேதான் இருந்தது.

கொழுந்து மடுவத்துத் தராசுக்கு முன்னே நின்று நின்று, கணக்கு என்றாலே மனம் கலங்குகிற குடும்பங்களிலே பிறந்தவர்கள் நாம். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னேயும் ஒரு தராசைக் கொண்டுவந்து வைக்க வேண்டியதில்லை. இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. ஆராய்ச்சியும் அவ்வாறே சொல்லுகிறது. அமெரிக்காவிலே ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிறிஸ்தோபர் கார்ட்னரும் குழுவினரும் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கொழுப்பையும் மற்றப் பிரிவினருக்கு மாப்பொருளையும் குறைக்கச் சொன்னார்கள். கலோரி எல்லை யாருக்கும் விதிக்கவில்லை. மரக்கறியைக் கூட்டுங்கள், சீனியையும் தீட்டிய மாவையும் குறையுங்கள், இயன்றவரை வீட்டிலே சமையுங்கள் என்பதே இரு பிரிவினருக்கும் பொதுவான அறிவுரை. ஓராண்டின் முடிவில் ஒரு பிரிவினர் சராசரி 5.3 கிலோவும் மற்றவர் 6 கிலோவும் குறைந்திருந்தனர். இதன் முடிவு 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

மறு ஆண்டு வெளியான இன்னோர் ஆய்விலே, அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவகத்திலே கெவின் ஹோல் என்பவர் 20 பேரைத் தங்கவைத்து, இரு கிழமை ஆலைகளிலே பதப்படுத்திய உணவும், இரு கிழமை பதப்படுத்தாத உணவும் கொடுத்தார். வேண்டிய அளவு உண்ணலாம் என்பதே கட்டளை. ஆலை உணவு உண்ட நாட்களிலே அவர்கள் தம்மையறியாமலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டு, சராசரி 0.9 கிலோ பெருத்தனர். மற்றைய உணவிலே அதே அளவு மெலிந்தனர். உணவு நல்லதாயின் வயிறே கணக்கப்பிள்ளை வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரமும், முன்னுண்டது செரித்த பின்னர் நன்கு பசித்து உண்பதையே வற்புறுத்துகிறது. பசியை அளவுகோலாகக் கொள்வது எமக்குப் புதிதன்று.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? நான்கே காரியங்கள் சொல்லுவோம்.

முதலாவது, தேத்தண்ணியில் சீனி. உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டிலே, சேர்க்கும் சீனியை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் அடக்குவது நன்று என்றது. குவளைக்கு இரண்டு கரண்டி வீதம் நான்கு முறை குடித்தாலே எட்டுக் கரண்டி ஆகிறது. ஒரேயடியாக விடவேண்டாம். இரண்டை ஒன்றரையாக்கி இரு கிழமை, ஒன்றாக்கி இரு கிழமை, அரையாக்கி இரு கிழமை என்று இறங்கினால் நா பழகிக்கொள்ளும். உலகமெங்கும் பெயர்பெற்ற ஊவாத் தேயிலையை விளைவிப்பவர்கள் நாம். அதன் உண்மைச் சுவையை நாமும் ஒருமுறை அறிந்து பார்ப்போமே! குளிர்பானத்தை மட்டும் அடியோடு விட்டுவிடலாம்.

இரண்டாவது, தட்டின் ஒழுங்கு. சோற்றைக் குவித்து ஓரத்திலே கறியை வைப்பது எமது வழக்கம். அதை மாற்றுவோம். தட்டிலே அரைப்பங்கு மரக்கறியும் கீரையும், காற்பங்கு பருப்பு, பயறு, கடலை, முட்டை, மீன் ஆகியவற்றுள் இயன்றது, மிஞ்சிய காற்பங்கு சோறு அல்லது ரொட்டி. மரக்கறிக்கு விலை உண்டே என்பீர்கள். உண்மை, 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே சோற்றுக்கே திண்டாடினோம். ஆனால் வல்லாரையும் பொன்னாங்காணியும் முருங்கையிலையும் பலாக்காயும் கடைப்பொருள்கள் அல்ல. லயத்து வாசலிலும் வேலியோரத்திலும் வளரக்கூடியவை. வாரத்திலே சில நாள் கோதுமை மாவுக்குப் பதிலாகக் குரக்கன் மாவிலே ரொட்டி தட்டலாம். ஊவாவின் சேனைகளிலே விளைந்த தானியமே அது.

மூன்றாவது, இராச்சாப்பாடு. இதிலே ஆண்பிள்ளைகளாகிய நாம் வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாலையிலே மலையிலிருந்து இறங்கி வரும் தாய், அதன்பின்னே தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, எல்லாருக்கும் ரொட்டி தட்டி, ஒன்பது மணிக்குத் தான் கடைசியாக உண்கிறாள். மகன் வயிறு புடைக்க உண்டு உடனே படுக்கிறான். தாயோ மிஞ்சியதை உண்டு இரத்தச் சோகையோடு படுக்கிறாள். ஒரே காம்பராவிலே கொழுத்தவனும் மெலிந்தவளும் வாழும் விந்தை இதனால்தான். மரக்கறி வெட்டுவதையும் தண்ணீர் எடுப்பதையும் நாம் செய்தால் ஏழு மணிக்கே வீட்டிலே உண்ணலாம். தாயும் எம்மோடு அமர்ந்து உண்ணலாம். உடல் நிறைக்கு மட்டுமல்ல, குடும்ப அறத்துக்கும் இதுவே வழி.

நான்காவது, நடை. ஊவாவிலே உடற்பயிற்சிக்குச் சாலை தேட வேண்டியதில்லை. எப்பக்கம் திரும்பினாலும் ஏற்றம். கிழமைக்கு 150 நிமிட விரைந்த நடை போதும் என்கின்றனர். நாளொன்றுக்கு 30 நிமிடமாக ஐந்து நாள் நடந்தால் கணக்குச் சரியாகும். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்களைக் கண்டு வளர்ந்த எமக்குக் கடைத்தெரு வரைக்கும் நடப்பது பெரிதா?

இங்கே ஓர் எச்சரிக்கை. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், வளரும் பிள்ளைகளும், ஏற்கெனவே மெலிந்திருக்கும் பெண்பிள்ளைகளும் நிறை குறைக்க முயலவே கூடாது. நீரிழிவுக்கு மருந்து எடுப்போர் கந்தசஷ்டி முதலிய விரதங்களுக்கு முன்னே வைத்தியரைக் கேட்டே ஆகவேண்டும். விரதம் இறைவனை நினைப்பதற்கு, இடுப்பைக் குறைப்பதற்கன்று. பகலெல்லாம் பட்டினி கிடந்து இரவிலே வடையும் பாயசமுமாக நிரப்பும் விரதத்தால் இரண்டுமே கைகூடா.

பொறுமையும் வேண்டும். மாதத்துக்கு ஒன்று இரண்டு கிலோ குறைந்தாலே போதுமானது. சில மாதம் ஒன்றும் குறையாமலும் போகும். அதனாலே மனந்தளர வேண்டாம். சென்னையிலே வைத்தியர் இராமச்சந்திரன் அவர்கள் குழுவினர், நீரிழிவின் வாசலிலே நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டு தொடர்ந்து கவனித்து, 2006ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவை ஒழுங்காக்கி நடந்தவர்களில் 39 பேருக்கே வந்தது. வியப்பென்னவென்றால், அவர்களது நிறை பெரிதாகக் குறையவில்லை! தராசின் முள் அசையாதபோதும் நன்மை உள்ளே நடந்துகொண்டிருக்கிறது.

நிறைவாக, எமது சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்கள். வரும் திருவிழாவிலே எமது தண்ணீர்ப்பந்தலில் நிறமூட்டிய சர்பத்துக்குப் பதிலாக மோரும் நீரும் கொடுப்போம். அன்னதானத்திலே ஒரு கீரைக்கறியைக் கட்டாயமாக்குவோம். மாதமொருமுறை கூட்டம் கூடும்போது, விரும்புவோர் ஒரு கயிற்றால் இடுப்பை அளந்து தம்மிடமே குறித்து வைத்துக்கொள்வோம். எவர் அளவையும் எவரும் கேட்கவேண்டாம். எவரையும் எவரும் கேலி செய்யவும் வேண்டாம்.

சிரித்த பெரியவருக்கு எமது விடை இதுதான்: ஐயா, உங்களைப் பட்டினி மெலிய வைத்தது. எங்களைப் பட்டினி மெலிய வைக்கவும் வேண்டாம். மாவும் சீனியும் நோயாளியாக்கவும் வேண்டாம். நல்ல உணவைப் பசித்து உண்டு, தாயோடு சேர்ந்து உண்டு, இம்மலையிலே நடந்து நெடுநாள் வாழவே விரும்புகிறோம். அதற்கு உங்கள் ஆசி வேண்டும்.