அகலத் திரை வாங்குமுன் அளவுநாடாவை எடுங்கள்



சம்பள நாளுக்கு மறுநாள் எங்கள் பள்ளிக்கு வரும் பெற்றோர், முன்பெல்லாம் பிள்ளைக்கு எந்த அகராதி வாங்கலாம் என்று கேட்பார்கள். இப்பொழுது அவர்களில் பலர் கேட்பது, கணினிக்கு எந்தத் திரை வாங்கலாம் என்பது.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, உள்ளங்கை அளவுத் தொலைபேசி ஒன்றை மூன்று பிள்ளைகள் சுற்றி அமர்ந்து பாடம் படித்ததை நாம் மறக்கவில்லை. அதன் பிறகு, பட்டணத்தில் வேலை செய்யும் அண்ணனோ மாமாவோ பழைய கணினிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார். திரையை மட்டும் நாம் வாங்க வேண்டியிருக்கிறது.

இந்தக் காரியத்தில் நாங்களே ஒரு தவறு செய்தோம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம். செம்பனைக் குலை அறுக்கும் தகப்பனார் ஒருவரின் வீட்டில் 17 அங்குலப் பழைய சதுரத் திரை கெட்டுப்போயிற்று. மகள் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். 18.5 அங்குல அகலத் திரை ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று அவர் கேட்டார். பழையதைவிட ஒன்றரை அங்குலம் பெரியதாயிற்றே, தாராளமாக வாங்குங்கள் என்றோம். ஒரு வாரம் கழித்து அந்தப் பிள்ளை எங்களிடம் வந்து, "பழைய திரையில் கட்டுரை நிறையத் தெரியும் சார், இதில் சில வரிகள் படிப்பதற்குள் பக்கத்தை மேலே தள்ள வேண்டியிருக்கிறது" என்றாள். திரும்ப எடுத்துக்கொள்ளக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை. பொருளில்தான் பழுது ஏதும் இல்லையே! பழுது எங்கள் கணக்கில் இருந்தது.

அது என்ன கணக்கு? கடையில் சொல்லும் அங்குலம் திரையின் அகலமும் அன்று, உயரமும் அன்று. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே அளந்த நீளம் அது. 19 அங்குலக் கயிறு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழச் சதுரமான சட்டத்திலும் அது மூலைக்கு மூலை சரியாக நிற்கும். நீண்டு ஒடுங்கிய சட்டத்திலும் நிற்கும். ஆனால் இரண்டின் பரப்பும் ஒன்றாகிவிடாது. 19 அங்குலப் பழைய திரையின் பரப்பு ஏறத்தாழ 176 சதுர அங்குலம். அதே 19 அங்குலம் என்று விற்கும் அகலத் திரையின் பரப்பு 154 சதுர அங்குலந்தான். சட்டம் ஒடுங்க ஒடுங்கப் பரப்பும் குறைந்துகொண்டே வரும்.

படிக்கிற பிள்ளைக்கு முக்கியம் உயரம். அந்தப் பழைய 17 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 10.6 அங்குலம். நாங்கள் வாங்கச் சொன்ன 18.5 அங்குலத் திரையின் உயரமோ 9.1 அங்குலம். பெரியது என்று சொல்லி, ஒன்றரை அங்குலத்தைப் பறித்துவிட்டோம். பழைய 17-க்கு ஈடு வேண்டுமானால் அகலத் திரையில் 21.5 அங்குலம் வேண்டும். பழைய 19-க்கு ஈடு 24 அங்குலம். இந்த இரண்டு இணைகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகப்பனார் மறு ஆண்டு மீண்டும் திரை வாங்கப் போனபோது எங்களைக் கேட்கவில்லை. மனைவியின் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு போனார். நல்லதாயிற்று.

அளவுக்கு அடுத்தது புள்ளிகள். திரையில் தெரியும் எழுத்தும் படமும் சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனவை. மலிவான சிறு திரைகளில் குறுக்கே 1366, மேலிருந்து கீழாக 768 என்ற கணக்கில் புள்ளிகள் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் பத்தரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 1920-க்கு 1080 என்று எழுதியிருந்தால் இருபது இலட்சத்துக்கும் மேல். நாம் வாங்க வேண்டியது இரண்டாவது வகை. எங்கள் மாணவியின் பழைய திரையில் மேலிருந்து கீழாக 1024 புள்ளிகள் இருந்தன, புதியதில் 768. வரிகள் குறைந்ததற்கு இதுவும் காரணம். வாங்கிய திரையைக் கணினியோடு இணைத்ததும், அதன் முழுப் புள்ளிக் கணக்கையே கணினியில் தேர்ந்தெடுங்கள். குறைத்து வைத்தால் எழுத்து மங்கும்.

வீட்டிலிருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியையே திரையாக வைத்துக்கொள்ளலாமே என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 32 அங்குலப் பெட்டிகள் பலவற்றில் அதே 1366-க்கு 768 புள்ளிகளே உள்ளன. பெரிய பரப்பில் குறைந்த புள்ளிகளைத் தூவினால், எட்ட இருந்து படம் பார்க்க நன்றாக இருக்கும். கிட்ட அமர்ந்து எழுத்துப் படிக்கக் கண் கூசும். வேறு வழியில்லாதபோது பயன்படுத்தலாம். அதற்கென்றே புதிதாக வாங்க வேண்டாம்.

மூன்றாவதாக, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் ஒரு திரைக்கு ஒரு பிள்ளை என்பது அரிது. ஐ.பி.எஸ். என்று குறிப்பிட்டிருக்கும் திரையில் எந்தப் பக்கம் அமர்ந்தாலும் நிறம் அதிகம் மாறாது. டி.என். என்ற வகையில், சற்றுக் கீழே குனிந்து பார்த்தாலே படம் கறுத்துவிடும். விலையில் வேறுபாடு சிறிதென்றால் ஐ.பி.எஸ். திரையையே கேளுங்கள்.

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் மற்ற எண்களுக்கு மயங்க வேண்டாம். ஒளிக்கும் இருளுக்கும் கோடிக்கு ஒன்று வேறுபாடு என்பார்கள், ஒரு நொடியில் 144 முறை படம் மாறும் என்பார்கள். முதலாவது விளம்பரக் கணக்கு. இரண்டாவது விரைவான விளையாட்டுகளுக்குப் பயன்படும். பாடம் படிக்கவும் கட்டுரை எழுதவும் நொடிக்கு 60 முறையே போதும்.

கடைக்குப் போகுமுன் கணினிப் பெட்டியின் பின்புறத்தைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கணினிகளில் 15 துளைகள் கொண்ட நீல நிறச் செருகி இருக்கும். அதன் பெயர் வி.ஜி.ஏ. புதியவற்றில் சிறிய, தட்டையான எச்.டி.எம்.ஐ. செருகி இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் இணைப்புக் கம்பிக்கென்று தனியே செலவு வரும். நீலச் செருகி வழியே ஒலி வராது என்பதையும், பல மலிவுத் திரைகளில் ஒலிபெருக்கியே கிடையாது என்பதையும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பழைய பொருள் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அலுவலகங்கள் கழித்துவிடும் 22 அங்குலத் திரைகளில் 1680-க்கு 1050 புள்ளிகள் கொண்ட ஒரு வகை உண்டு. அதன் உயரம் 11.7 அங்குலம்; ஏறக்குறையப் புதிய 24 அங்குலத் திரையின் உயரமே. பாதி விலைக்குக் கிடைத்தால் எங்கள் வீட்டுக்கு அதையே வாங்குவோம். ஆனால் அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுவதும் காட்டச் சொல்லுங்கள். மஞ்சள் பூத்திருந்தாலும், மூலை இருண்டிருந்தாலும் வேண்டாம். பிறகு கறுப்புப் பக்கம். அணையாத புள்ளி மினுக்கும்.

புதியதோ பழையதோ, இரசீதை வாங்குங்கள். பழுதான பொருளை விற்றுவிட்டுக் கடைக்காரர் கைவிரித்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முறையிடலாம். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மன்றம் அது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. இரசீது இல்லாமல் போனால் வாதாடுவது கடினம்.

வீட்டில் திரையைச் சன்னலுக்கு நேர் எதிரே வைக்காதீர்கள். வெளிச்சம் பட்டுத் தெறிக்கும். பிள்ளை கை நீட்டினால் விரல் நுனி தொடும் தூரத்தில் அமரட்டும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும். மலிவுத் திரைகளின் கால்களை உயர்த்த முடியாது. அடியில் ஒரு தடித்த பலகை போதும். மின்சாரச் செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. 20 வாட் இழுக்கும் திரை நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால், பத்து நாளைக்கு ஒரு யூனிட் ஆகும்.

மாலையில் இடி இடிக்கத் தொடங்கினால், சுவிட்சை அணைத்ததோடு நின்றுவிடாமல் செருகியையே பிடுங்கி வைக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.