ஜெர்மன் ஸ்டாம்பில் ஒளிர்வது பூச்சா, அச்சா?

(ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன மாதம் நம் குடியிருப்பாளர் ஒருவர், "ஒளிர்வு விடுபட்ட ஜெர்மன் ஸ்டாம்ப், அபூர்வப் பிழை" என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆறாயிரம் ரூபாய் கட்டப் போனார். கட்டுவதற்கு முன் என்னிடம் காட்டினார். ஸ்டாம்ப் சேர்க்கும் பிள்ளைகள் நம் வளாகத்தில் இருப்பதால் எல்லோருக்கும் சொல்லிவிடலாம் என்று வந்தேன்.

ஸ்டாம்ப் எதற்காக ஒளிர வேண்டும்? குவிந்து வரும் கடிதங்களை இயந்திரம் நேராக்கி முத்திரை குத்த வேண்டும். ஸ்டாம்ப் எந்த மூலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டுமே! மேற்கு ஜெர்மனி 1960ல் டார்ம்ஸ்டாட் நகரில் இதைச் சோதித்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ஹாய்ஸ் படம் போட்ட ஸ்டாம்புகளை லூமோஜென் என்ற ஒளிரும் பொருள் சேர்ந்த காகிதத்தில் அச்சிட்டார்கள். புற ஊதா விளக்கடியில் மஞ்சள் சாயலில் தெரியும். பிறகு அதுவே அங்கே வழக்கமானது. பிரிட்டன்காரர்கள் முகப்பில் பட்டை பட்டையாக பாஸ்பர் அடித்தார்கள். அது வேறு வழி.

கேஷ் கவுண்டரில் இருந்தவர்களுக்கு இந்த விளக்கு பழைய சிநேகிதன். நல்ல ரூபாய் நோட்டின் காகிதம் அதன் கீழே மங்கலாகவே இருக்கும். எண் அச்சிட்ட இடமும் சிறு இழைகளும்தான் மின்னும். கடைக் காகிதத்தில் அடித்த கள்ள நோட்டோ முழுக்க நீல வெள்ளையாகப் பளீரென்று தெரியும். காகிதத்தை வெளுப்பாகக் காட்டக் கலக்கும் பொருள் செய்கிற வேலை அது. அதனால் "ஒளிர்கிறதா?" என்று கேட்டால் போதாது. எந்த நிறத்தில், எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டும்.

ஸ்டாம்பிலும் அதே கணக்குதான். கறுப்பு அட்டையில் வையுங்கள்; வெள்ளை உறை தானே நீலமாக ஒளிர்ந்து கண்ணை ஏமாற்றும். விளக்கு 365 நானோமீட்டர் அளவில் இருக்கட்டும். மலிவான 395 டார்ச் ஊதா வெளிச்சத்தையே கொட்டும், மெல்லிய ஒளிர்வு அதில் மறைந்துபோகும். விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள், பிள்ளைகள் கையில் தனியாகக் கொடுக்காதீர்கள்.

இப்போது பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத்தைப் போலவே மஞ்சளாக ஒளிர்ந்தால், பொருள் கூழிலேயே கலந்திருக்க வாய்ப்பு அதிகம். முன்பக்கம் மட்டும் என்றால் மேற்பூச்சு அல்லது அச்சு. இரண்டையும் பிரிக்க பத்து மடங்கு லென்ஸ் வேண்டும். பூச்சு துளைப்பற்களின் நுனிவரை, தாளின் ஓரம்வரை ஒரே சீராகப் போகும். கிழிந்த பல்லில் நீட்டிக்கொண்டிருக்கும் நார் மட்டும் மங்கலாக இருக்கும். அச்சாக அடித்திருந்தால் எங்கேயாவது ஒரு எல்லையில் நிற்கும், சில சமயம் புள்ளிகளும் தெரியும்.

எனக்குப் பிடித்த சோதனை அடர்நிற இடம்தான். ஒளிரும் அடுக்கு மைக்குக் கீழே இருந்தால், கறுப்பாக அச்சான இடம் இருண்டே நிற்கும். மைக்கு மேலே அடித்திருந்தால் கறுப்பின் மீதும் ஒரு மெல்லிய படலம் மின்னும். 2021 பிப்ரவரி முதல் ஜெர்மன் ஸ்டாம்புகளில் மேட்ரிக்ஸ் கோட் வருகிறது. அடர்நிறக் கட்டங்களும் வெற்றிடமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இந்தச் சோதனைக்கு வசதி.

ஒரு எச்சரிக்கை. உறையிலிருந்து பிரிக்கச் சலவைத் தூள் கரைத்த தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். தூளில் உள்ள வெளுப்பூட்டி ஒட்டிக்கொண்டு, இல்லாத நீல ஒளிர்வை உண்டாக்கிவிடும். "அபூர்வம்" என்று விற்பதில் எத்தனை இப்படி வாளியில் பிறந்ததோ!

நம் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். விற்பவர் அனுப்பிய படத்தில் ஒற்றை ஸ்டாம்ப், வெள்ளை உறை, ஊதா டார்ச். அதே வெளியீட்டின் சாதாரண ஸ்டாம்ப் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, கறுப்பு அட்டையில், முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். மூன்று வாரமாகிறது, பதில் இல்லை. ஆறாயிரம் நண்பர் கணக்கிலேயே இருக்கிறது.

விளக்கும் லென்ஸும் என் வீட்டில் இருக்கின்றன. மாலை ஐந்து மணிக்கு மேல் ஆல்பத்தோடு வரலாம். கறுப்பு அட்டை மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள், என்னுடையது பேரனின் புராஜெக்டுக்குப் போய்விட்டது.