செங்கல் சூளைக்காரர்களின் வக்கீல்



லாகூர் நகரத்து வக்கீல் அஸ்மா ஜஹாங்கீரைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். 1952-ல் பிறந்து 2018-ல் காலமானவர். பாட்டாளி வீட்டுப் பெண் அல்ல, வசதியுள்ள குடும்பம். ஆனாலும் பாகிஸ்தானின் செங்கல் சூளை ஆட்களுக்காகக் கோர்ட் படி ஏறியவர். உங்கள் முன் அவரைப் பற்றிச் சொல்ல அது ஒன்றே போதும்.

அங்கே சூளைகளில் 'பேஷ்கி' என்று ஒரு சொல் உண்டு. முன்பணம் என்று அர்த்தம். கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ தொழிலாளி கை நீட்டி வாங்குகிறான். அன்று முதல் அவன் மட்டுமல்ல, பெண்டாட்டி பிள்ளைகளும் மண் குழைத்துக் கல் அறுக்க வேண்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அதிலும் கடனுக்கென்று ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். அறுத்த கல் மழையில் கரைந்தால் நஷ்டம் தொழிலாளி தலையில். கணக்கு நோட்டு முதலாளியின் கணக்குப்பிள்ளையிடம். எழுத்தறியாதவன் எதைப் பார்த்துக் கேட்பான்? அப்பன் செத்தால் கடன் மகன் பேரில் ஏறும். ஓடிப்போனால் போலீசை வைத்துப் பிடிப்பார்கள். வேறொரு முதலாளி கடனைக் கட்டினால் குடும்பமே அவனுக்குக் கை மாறும். மாட்டுச் சந்தைக்கும் இதற்கும் என்ன பேதம்?

1988-ல் இந்த ஆட்கள் சிலர், பெண்டு பிள்ளைகளோடு ஒளிந்து கிடந்தவர்கள், சுப்ரீம் கோர்ட் பிரதம நீதிபதிக்கு ஒரு தந்தி அடித்தார்கள். முத்திரைத்தாள் இல்லை, வக்கீல் பீஸ் இல்லை, வெறும் தந்தி! கோர்ட் அதையே வழக்காக எடுத்துக்கொண்டது. தர்ஷன் மசீஹ் வழக்கு என்று அதற்குப் பெயர். தொழிலாளர் தரப்பில் அஸ்மா வாதாடினார். முன்பணத்துக்குக் கடிவாளம் விழுந்தது. ஆளைப் பிடிக்கப் போலீசை ஏவக் கூடாதென்று உத்தரவாயிற்று. பழைய கடன் மட்டும் ரத்தாகவில்லை. 1992-ல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டம்தான் அதையும் ரத்து செய்தது. நம் நாட்டில் இப்படியொரு சட்டம் 1976-லேயே வந்தது. அதற்குப் பிறகும் நம்மூர்ச் சூளைகளில் 'அட்வான்ஸ்' போயிற்றா? அங்கேயும் போகவில்லை.

இந்தத் துணிச்சல் அவருக்குத் திடீரென்று வந்ததல்ல. ராணுவ ஆட்சி தகப்பனாரைச் சிறையில் போட்டபோது, இருபது வயது நிறையாத பெண், வக்கீலாகும் முன்பே, தானே வழக்குத் தொடுத்தார். யாஹ்யா கான் சட்டவிரோதமாக ஆட்சியைப் பறித்தவர் என்று 1972-ல் அந்த வழக்கில்தான் தீர்ப்பானது. 1980-ல் தங்கை ஹினா ஜிலானி முதலானவர்களோடு சேர்ந்து, பெண்களே நடத்தும் வக்கீல் அலுவலகம் திறந்தார். இரண்டு பெண்களின் சாட்சி ஓர் ஆணின் சாட்சிக்குச் சமம் என்று ஜியா சர்க்கார் சட்டம் கொண்டுவரப் போனபோது, 1983 பிப்ரவரி 12-ல் லாகூர்ப் பெண்கள் வீதிக்கு வந்தார்கள். தடியடி, கண்ணீர்ப்புகை! அந்தப் போராட்டத்தில் அஸ்மாவும் ஜெயிலுக்குப் போனார்.

சூளைகளில் வேலை செய்வோரில் கிறிஸ்தவ ஏழைகள் நிறையப் பேர். அப்படிப்பட்ட ஏழைக் கிறிஸ்தவப் பையன் ஒருவன், சலாமத் மசீஹ், பதினாலு வயது. மசூதிச் சுவரில் மதநிந்தனை எழுதினான் என்று 1995-ல் அவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். பையனுக்கு எழுதவே தெரியாது! உடன் குற்றம் சாட்டப்பட்ட ஒருவரை முந்திய வருஷமே சுட்டுக் கொன்றிருந்தார்கள். அப்பீலில் அஸ்மா ஆஜரானார். வெறிக்கும்பல் ஐகோர்ட் வாசலில் அவருடைய காரை நொறுக்கியது. பையன் விடுதலையானான். விடுதலை செய்த நீதிபதிகளில் ஒருவரை 1997-ல் சுட்டுக் கொன்றார்கள். அஸ்மா வக்கீல் தொழிலை விடவில்லை. 2010-ல் சுப்ரீம் கோர்ட் வக்கீல்கள் சங்கத்துக்குத் தலைவரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

2018 பிப்ரவரியில் லாகூரில் அவருடைய ஜனாஸா தொழுகை நடந்தது. அங்கே வழக்கமில்லாதபடி, ஆண்களோடு பெண்களும் வரிசையில் நின்றார்கள்.