மனையகத்துக் கலைகள்



கல்வியிற் சிறந்தோர் பலர் வீற்றிருக்கும் இச்சபையில், கவிதையோடும் சித்திரத்தோடும் அடுக்களையையும் சேர்த்துப் பேச நான் துணிந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இந்தச் சொற்பொழிவுக்கு இடமளித்த அறக்கட்டளை ஓர் இல்லத்தரசியாரின் நினைவாக ஏற்பட்டதாகையால், அவர் நித்தியமும் பழகிய பொருளைப் பற்றிப் பேசுவதே முறையென்று கருதுகிறேன்.

குறுந்தொகையில் 167-ஆம் பாட்டு கூடலூர் கிழார் இயற்றியது. மகள் குடித்தனம் நடத்தும் அழகைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலி, பெற்ற தாயிடம் அதைச் சொல்லுகிறாள். கட்டித் தயிரைப் பிசைந்த விரலை உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, அதை மாற்றவும் அவகாசமின்றி, மை தீட்டிய கண்களில் தாளிதப் புகை நிறைய, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்ண, அவள் முகத்தில் மிக நுட்பமாக ஒரு மகிழ்ச்சி தோன்றிற்று என்பதே செய்தி. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1937-இல் தம் உரையுடன் இந்நூலைப் பதிப்பித்த பின்பு, இப்பாட்டை எடுத்துக்காட்டாத இல்லறச் சொற்பொழிவு அபூர்வம். எனினும் எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் அந்த மகிழ்ச்சியைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். ஆறே அடியில் முடியும் பாட்டில் கறைபட்ட ஆடைக்கும் கண்ணைக் கரிக்கும் புகைக்கும் புலவர் இடம் கொடுத்திருக்கிறாரே, அதைச் சிந்திப்பவர் சிலரே. பிரயாசையை மறைத்துவிட்டுப் பலனை மட்டும் பாடியிருந்தால், அந்த முகமலர்ச்சிக்கு இத்தனை மதிப்பு ஏற்பட்டிராது.

வேந்தனைப் பாட வந்த நூலிலும் நம் புலவர்கள் அடுப்பங்கரையை அலட்சியம் செய்யவில்லை. காஞ்சியிலிருந்து அரசாண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில், அந்தணர் மனையில் பாணனுக்குக் கிடைக்கும் விருந்தை வருணிக்கும்போது, பசுமோரில் எடுத்த வெண்ணெயில் மாதுளம்பிஞ்சின் துண்டங்களை வேகவைத்து, மிளகும் கறிவேப்பிலையும் கூட்டிய கறியையும், மாவடு ஊறுகாயையும் விட்டுவிடாமல் சொல்லுகிறார். வள்ளலின் கொடையும் வீட்டாரின் கைப்பக்குவமும் ஒரே பாட்டில் அடங்குவது அவருக்கு விபரீதமாகத் தோன்றவில்லை.

இனிக் கோலத்தைப் பாருங்கள். ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவில் சிறு துணியை நனைத்துக் கையில் அடக்கி, மோதிர விரல் வழியே மாவு இழையாக வடியுமாறு மெல்லப் பிழிந்துகொண்டே, நின்ற நிலையில் குனிந்து, கை நடுங்காமல் இழைக்கோலம் போடுகிற பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். இழை காய்ந்து வெளுத்ததும் சுற்றிலும் செம்மண் பூசுவார்கள். மாலைக்குள் பாதங்கள் பட்டு அழிந்துபோகும் என்று தெரிந்தும், மூலையில் ஓர் இழை கோணினால் அதைத் துடைத்துத் திரும்பப் போடும் சிரத்தை இருக்கிறதே, அதைக் காட்டிலும் சிறந்த கலைப்பயிற்சி யாது? கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908-இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலிலும் பின்னர் எழுதிய கட்டுரைகளிலும், ஜனங்கள் புழங்கும் பொருளிலே கலை வாழ்கிறது என்பதை வற்புறுத்தி வந்ததன் தாத்பரியம் இதுவே.

சமையலும் அத்தகையதே. 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ என்ற நூலை வெளியிட்டு, அதுவரை பெரும்பாலும் வாய்மொழியாகவே இருந்து வந்த பக்குவங்களுக்கு அளவும் முறையும் வகுத்துக் கொடுத்தது பெரிய உபகாரம். ஆனால் ரசம் நுரை கட்டி மேலெழும் கணத்தில் அதைத் தளதளவென்று கொதிக்க விடாமல் இறக்கி, நெய்யில் கடுகும் சீரகமும் பொரித்துக் கொட்ட வேண்டிய தருணத்தைக் கண்ணும் மூக்கும்தான் அறிவிக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்று அறிவதே பாட்டுக்கும் உயிர்.

திருநெல்வேலியில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தம் இல்லத்தில் நடத்திய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம், கம்பனைப் பாண்டித்தியத்தின் பிடியிலிருந்து விடுவித்து ரஸிகர்களின் கையில் கொடுத்தது. பின்பு குற்றாலத்திலும், 1954-இல் அவர் மறையும் வரையில், நண்பர்கள் அவர் வீட்டை நாடிச் சென்றார்கள். கவிதையைப் போலவே அவருடைய விருந்தோம்பலும் பிரசித்தம். நன்றாய் உண்ணத் தெரிந்தவர்கள் கூடியிருக்கும் திண்ணையில் கவிதையும் பயமின்றி வந்து உட்காரும்.

இவ்விடத்தில் நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு. “அடுக்களையைக் கலைக்கூடம் என்று புகழ்ந்தே பெண்களை அதற்குள் அடைத்து வைத்தீர்கள்” என்று சகோதரிகள் சொன்னால், அதை மறுக்க எனக்கு வாயில்லை. விறகடுப்பின் முன் ஆயுளைக் கழித்த எத்தனையோ பேருக்கு, இனிதென்ற அந்த ஒரு வார்த்தைகூடக் கிடைத்ததில்லை. ஆகையால் புகழ்ச்சியை விடுத்து வேலையைப் பகிர்ந்துகொள்வதே இதற்குப் பரிகாரம். கூடலூர் கிழார் ஆண்மகன்தான். தாளிதப் புகை கண்ணில் படர்வதை அத்தனை நுணுக்கமாகக் கண்டவர் அடுப்பங்கரைக்கு அந்நியராய் இருந்திருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

பாட்டைப் பரீட்சைக்கும், சித்திரத்தைக் கண்காட்சிக்கும், ருசியை ஹோட்டலுக்கும் ஒப்படைத்துவிட்ட வீட்டில், மனிதர் உண்டு உறங்குவதைத் தவிர வேறு காரியம் மிஞ்சுவதில்லை. அன்பர்களே, உங்கள் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் என்ற பேதமின்றி, ஒரு ரசம் வைக்கவும், ஒரு கோலம் போடவும், பொருளுணர்ந்து ஒரு பாட்டுச் சொல்லவும் கற்றுக்கொடுங்கள். கற்றுக்கொடுப்பதற்கு முன் ஆடவர்களாகிய நாம் முதலில் கற்றுக்கொள்வோம். இந்த அறக்கட்டளைக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு இதுவே.