கதாநாயகனின் குற்றக் கணக்கு



தீயவன் ஒருவனைக் கதைத் தலைவனாகக் கொண்ட திரைப்படம், முடிவில் அவனைத் தண்டித்தே ஆகவேண்டுமா? நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் பெற்றோர் கூட்டங்களில் இந்தக் கேள்வி பலமுறை எழுந்ததுண்டு. பிள்ளைகள் கெட்டுப்போகாமல் இருக்க, கெட்டவன் கடைசியில் அழிந்தாக வேண்டும் என்பார்கள் பெற்றோர். கலைஞனின் கையைக் கட்டலாகாது என்பார்கள் இளம் ஆசிரியர்கள். இரு சாராரும் படத்தின் இறுதிப் பத்து நிமிடங்களைப் பற்றியே வாதிட்டார்கள். எனக்கோ, அதற்கு முந்திய இரண்டரை மணி நேரத்தில்தான் கவலை.

பெற்றோர் கட்சியின் விருப்பம் ஒரு நாட்டில் விதியாகவே இருந்தது. அமெரிக்கப் படத்தயாரிப்பாளர்கள் 1930இல் ஓர் ஒழுக்க விதித்தொகுப்பை வகுத்து, 1934 முதல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார்கள். 1968இல்தான் அது கைவிடப்பட்டது. அந்த விதிக்கு அடங்கி 1956இல் வெளிவந்த படம் 'தி பேட் சீட்'. அதில் ஒரு சிறுமி கொலை செய்கிறாள். மூலமான நாவலிலும் நாடகத்திலும் அவள் தப்பிவிடுகிறாள். சுற்றியிருப்பவர்கள் உண்மை அறியாமல் அவளைக் கொஞ்சுகிறார்கள். கதையின் அச்சமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. படத்திலோ வானிலிருந்து ஒரு மின்னல் இறங்கி அவளைக் கொன்றுவிடுகிறது. விதி நிறைவேறிற்று. ஆனால் மின்னல் நல்லவன் தலையிலும் விழுமே!

நம் தமிழ்ப் படங்களுள் 1954இல் வெளிவந்த 'ரத்தக் கண்ணீர்' இவ்வகையில் ஆராயத்தக்கது. எம்.ஆர். ராதா நடித்த மோகனசுந்தரம் மேல்நாட்டில் படித்துத் திரும்பிய செல்வன். மனைவி சந்திராவைப் புறக்கணிக்கிறான்; தாயை அவமதிக்கிறான்; காந்தா என்னும் தாசியின் வீட்டில் பொருளையெல்லாம் தொலைக்கிறான். பிறகு தொழுநோய் பற்றிக்கொள்ள, வீதியில் அலைகிறான். என் மாணவர்கள் ராதாவின் கரகரத்த குரலில் பேசிக்காட்டி வகுப்பைச் சிரிக்க வைப்பார்கள். சந்திராவைப் போல் பேசிக்காட்டிய பையன் ஒருவனும் இல்லை.

நோயைத் தண்டனையாக்கியது அந்தப் படத்தின் பெருங்குறை என்பது என் எண்ணம். தொழுநோய் ஒரு கிருமியால் வருவது என்பதை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இலேயே கண்டறிந்தார். இன்று கூட்டு மருந்துகளால் அது முற்றிலும் குணமாகிறது. மோகனுக்கு விதித்த தண்டனை, ஒரு பாவமும் அறியாமல் அதே நோயைச் சுமந்த ஆயிரமாயிரம் பேர் மீதும் பழியாக விழுந்தது. ஆனால் அதே படத்தில் உண்மையான தீர்ப்பும் ஒன்று உண்டு. தன்னால் பாழான சந்திராவின் வாழ்வை மோகன் கடைசியில் உணர்கிறான். தன் நண்பன் பாலுவுக்கே அவளை மணமுடித்துவைக்கிறான். அதில் சந்திராவின் மனத்தை எவ்வளவு கேட்டார்கள் என்பது வேறு கேள்வி. எனினும், இழந்தவள் யார் என்று படம் அங்கே ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறது.

நான் வேண்டுவதும் அந்தப் பார்வையைத்தான். சிலப்பதிகாரத்தில் பாண்டியனைத் தண்டிக்க மேலதிகாரி யாருமில்லை. கண்ணகி அவைக்கு வந்து சிலம்பை உடைக்கிறாள். உள்ளே இருந்த மாணிக்கப் பரல் தெறிக்கிறது. அரியணையிலேயே அவன் உயிர் போகிறது. இழந்தவளுக்கு அவைக்குள் நுழைய இடம் கிடைத்தது. தீர்ப்புக்கு அதுவே போதுமானதாயிற்று.

கதைத் தலைவன் தப்பித்துப் போகட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவனால் இழந்தவர்களையும் படம் நமக்குக் காட்டவேண்டும். 1987இல் மணிரத்னம் இயக்கிய 'நாயகன்' படத்தில் வேலு நாயக்கரை நீதிமன்றம் விடுதலை செய்துவிடுகிறது. ஊரே ஆரவாரம் செய்கிறது. ஆனால் அவர் முன்பு கொன்ற போலீஸ் அதிகாரிக்கு ஒரு மகன் இருந்தான், மனவளர்ச்சி குன்றியவன். அந்தக் குடும்பத்தை வேலு ஆதரித்தும் வந்தார். வெளியே வந்தவரை அவனே சுட்டு வீழ்த்துகிறான். ஒருவனைச் சுட்டுக் கொல்வது நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் அந்தத் தகப்பனில்லாப் பிள்ளையைப் படம் மறந்துவிடவில்லையே! தந்தையின் வழியை ஏற்காமல் பிரிந்து செல்லும் மகளையும் மறக்கவில்லை. பணமூட்டையோடு கதாநாயகன் சிரித்துக்கொண்டே போகும் இக்காலப் படங்கள் சிலவற்றில், செத்தவனுக்கு ஒரு பெயர்கூட இருப்பதில்லை. என் சினம் அங்கேதான்.

இனி ஒரு படத்தை மட்டும் சொல்கிறேன். 1944இல் பில்லி வைல்டர் இயக்கிய 'டபுள் இன்டெம்னிட்டி'. இன்ஷூரன்ஸ் விற்பனையாளன் நெஃப், ஒரு பெண்ணோடு கூடி, பணத்துக்காக அவள் கணவனைக் கொல்கிறான். மோசடிகளைக் கண்டுபிடிப்பதில் வல்லவரான கீஸ், அதே நிறுவனத்தில் அவனுக்கு மூத்தவர். அவனை மிகவும் நம்பியவர். நெஃப் நச்சுவாயு அறையில் மரண தண்டனை பெறும் காட்சியையும் வைல்டர் படமாக்கியிருந்தார். ஆனால் அதை வெட்டி எறிந்துவிட்டார். இப்போதுள்ள முடிவில், குண்டடிபட்ட நெஃப் அலுவலக வாசலில் சரிந்து கிடக்கிறான். கீஸ் சுருட்டை வாயில் வைக்கும்போதெல்லாம் தீக்குச்சி உரசிக் கொடுப்பவன் நெஃப்தான். இங்கே கீஸ் அவன் பக்கத்தில் குனிந்து, அவனுடைய சிகரெட்டுக்குத் தீக்குச்சி உரசுகிறார்.